பிடித்த கையை எப்போது விடுவது? புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருபவர்களுக்கு

பாபநாசம் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் பார்த்தது. ஏழு வயதுப் பையன், ஆட்டிசம் உண்டு, பேச்சு இன்னும் வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம். "கையக் கழுவிட்டு வாய்யா" என்று அப்பாயி சொன்னதும் ஓடிப்போய்க் குழாயடியில் நின்றான், இரண்டு கையையும் முன்னால் நீட்டினான், அப்படியே திரும்பி அப்பாயியின் முகத்தைப் பார்த்தான். அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, அவன் விரல்களைத் தன் விரல்களுக்குள் வைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டார். "ரெண்டு வருசமா சொல்லிக்குடுக்குறேன் டீச்சர், இன்னும் பிடிபடல" என்றார்.

அவனுக்குப் பிடிபட்டிருந்தது. குழாயடியில் நின்று கையை நீட்டினால் அப்பாயி வந்துவிடுவார் என்பதை மிக நன்றாகவே கற்றிருந்தான். நாம் சொல்லிக்கொடுத்ததாக நினைத்தது ஒன்று, பிள்ளை படித்துக்கொண்டது வேறொன்று. பல வீடுகளில் இதைத்தான் பார்க்கிறேன், புதிதாக வேலைக்கு வரும் சிறப்பு ஆசிரியர்களிடமும் பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருக்கும் பெற்றோருக்குத் தெரபி என்றால் பெரும்பாலும் வாரம் ஒரு நாள் பஸ் ஏறி டவுனுக்குப் போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதுதான். மீதி ஆறு நாளும் பிள்ளை வீட்டில் இருக்கிறது. அந்த ஆறு நாளில் அம்மாவும் அப்பாயியும் அத்தையும் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. கீழே சொல்வது நடத்தைப் பகுப்பாய்வு, அதாவது எல்லோரும் ஏபிஏ என்று சொல்கிற துறையிலிருந்து வந்த முறைகள். கருவி எதுவும் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதல் மூன்று நாள் பார்க்க மட்டும் செய்யுங்கள்

எந்தச் செயலுக்கும் முன்னால் ஏதோ ஒன்று நடக்கிறது, பின்னால் ஏதோ ஒன்று கிடைக்கிறது. ஒரு செயல் மறுபடி வருமா வராதா என்பதைப் பின்னால் கிடைப்பது தீர்மானிக்கிறது என்று உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். அதை மனிதர்களின் அன்றாட வாழ்க்கைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று 1968இல் பேயர், வுல்ஃப், ரிஸ்லி என்ற ஆய்வாளர்கள் மூன்று பேரும் வரையறுத்தார்கள். நமக்கு இதில் வேண்டியது மூன்று கட்டம் போட்ட ஒரு பக்கம்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பின்னால் என்ன கிடைத்தது. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "அடம் பிடித்தான்" என்று எழுதினால் பயனில்லை. "சட்டையைக் கழற்றச் சொன்னதும் தரையில் படுத்தான், அம்மா குளிக்க வைப்பதை விட்டுவிட்டார்" என்று எழுதினால் அதிலேயே பாதி விடை இருக்கும்.

ஒரு வீட்டில் ஐந்து வயதுப் பையன் குளிக்கும்போது அலறுகிறான், தண்ணீரைக் கண்டாலே பயம் என்றார்கள். நோட்டைப் பார்த்தால் அலறிய எல்லா நாளும் மதியம் பள்ளிவிட்டு வந்த பிறகு. காலையில் குளித்த இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. மொட்டைமாடியில் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க், சித்திரை வெயில், மதியம் குழாயைத் திறந்தால் வருவது சுடுதண்ணீர். நமக்கே தலையில் ஊற்றினால் துள்ளுவோம். காலையிலேயே வாளியில் பிடித்து நிழலில் வைக்கச் சொன்னேன், அதோடு சரியாகிவிட்டது. பையனுக்கு யாரும் எதையும் கற்பிக்கவில்லை, முன்னால் இருந்ததை மாற்றினோம், அவ்வளவுதான். முன்னேற்பாடு என்று நான் சொல்வது இதைத்தான். சொல்லிக்கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே பாதி வேலையை இது முடித்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். நேற்று வரை செய்ததைப் பிள்ளை இன்று திடீரென்று மறுத்தால், புதிதாகத் தலையில் அடித்துக்கொண்டால், முதலில் பல்லையும் காதையும் வயிற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் நடத்தைத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பது அநியாயம்.

முன்னேற்பாடுகளில் எனக்கு அதிகம் கைகொடுத்தவை

கட்டளையைச் சரி செய்யுங்கள். பிள்ளையின் பக்கத்தில் போய், பார்வை படும் இடத்தில் நின்று, ஒரே தடவை, சின்னதாக: "கை கழுவு." அடுப்படியிலிருந்து நாலு தடவை கத்தினால், முதல் மூன்று தடவையைக் கண்டுகொள்ளத் தேவையில்லை என்று அவன் படித்துக்கொள்வான். அப்புறம், வேண்டாம் என்று சொல்ல இடமில்லாத விஷயத்தைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். "குளிக்கப் போலாமா?" என்று கேட்டுவிட்டு, அவன் தலையை ஆட்டி மறுத்த பிறகும் தூக்கிக்கொண்டு போனால், அவன் சொன்னதற்கு மதிப்பே இல்லை என்று நாமே காட்டுகிறோம். தேர்வு கொடுக்க முடிகிற இடத்தில் உண்மையாகக் கொடுங்கள்: நீலச் சட்டையா மஞ்சள் சட்டையா, முதலில் பல்லா முகமா.

இடத்தை ஒழுங்கு பண்ணுங்கள். சோப்பு வழுக்கி வழுக்கி ஓடுகிறது என்றால் ஒரு பழைய வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டிவிடுங்கள். செருப்பில் இடது எது வலது எது என்று குழம்பினால் இரண்டின் உள்பக்கத்திலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, பொட்டும் பொட்டும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆசை இருக்கும் நேரத்தில் சொல்லிக்கொடுங்கள். தண்ணீர் கேட்கப் பழக்குவதற்கு வயிறு நிறைந்த பிறகு உட்கார்ந்து பயனில்லை. விளையாடி வியர்த்து ஓடிவரும்போது, செம்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கையில் இருக்கும்போது, அதுதான் பாட வேளை. ஒரு பொருளின் மேல் இருக்கும் நாட்டம் நேரத்துக்கு நேரம் கூடிக் குறைவதை ஜாக் மைக்கேல் 1982இல் தனிக் கருத்தாகவே பிரித்துக் காட்டினார். ஆனால் இதைத் தண்டனையாக்காதீர்கள். தண்ணீரையோ சோற்றையோ பிடித்து வைத்துக்கொண்டு கெஞ்ச வைப்பதை நான் எந்த வீட்டிலும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். கேட்க முயன்ற உடனே கொடுத்துவிட வேண்டும், முயலாவிட்டாலும் நீங்களே கேட்கும் விதத்தைக் காட்டிவிட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

இஷ்டமில்லாத வேலைக்கு முன்னால் அவனுக்குச் சுலபமாக வருகிற இரண்டு மூன்றைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பாராட்டி, அந்த ஓட்டத்திலேயே இதைச் சொல்லுங்கள்: "கைதட்டு, மூக்கைத் தொடு, ஹைஃபைவ் குடு... சட்டையைப் போடு." முதலில் இது, அப்புறம் அது என்பதும் பலன் தரும். பிடித்த செயலைப் பிடிக்காத செயலுக்குப் பின்னால் வைத்தால் பிடிக்காதது நடக்கும் என்று 1959இல் டேவிட் பிரமாக் எழுதினார், நம் அப்பாயிகள் அதற்கும் முன்பே இன்னும் நாலு வாய் சாப்பிட்டால் மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப்போகிறேன் என்று செய்துகொண்டிருந்தார்கள். திருவிழா, கல்யாணம் என்றால் ஒரு வாரம் முன்பே போட்டோக்களை வரிசையாகக் காட்டுங்கள், தவில் சத்தத்தை போனில் மெதுவாகப் போட்டுக் கேட்கவிடுங்கள், கூட்டம் சேரும் முன்பே போய்விட்டு அவன் சோரும் முன்பே திரும்பிவிடுங்கள்.

ஒரே ஒரு திறனை எடுத்து உடையுங்கள்

ஒரே நேரத்தில் பல் தேய்த்தல், சாப்பிடுதல், எழுதுதல் என்று எல்லாவற்றையும் பிடிக்காதீர்கள். ஒன்றை எடுங்கள். அதை நீங்களே நிதானமாகச் செய்து பார்த்து ஒவ்வோர் அசைவையும் எழுதுங்கள். பாபநாசத்துப் பையனுக்கு நாங்கள் எழுதியது:

1. குழாயடியில் நிற்பது
2. குழாயைத் திறப்பது
3. இரண்டு கையையும் நனைப்பது
4. சோப்பைத் தேய்ப்பது
5. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு தேய்ப்பது
6. நுரை போகும்வரை கழுவுவது
7. குழாயை மூடுவது
8. துண்டில் துடைப்பது

முதல் நாள் எந்த உதவியும் செய்யாமல் எதுவரை போகிறான் என்று பாருங்கள். அவன் ஒன்றாவதையும் எட்டாவதையும் தானாகவே செய்தான், அது யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது. மற்ற ஆறுக்கும்தான் உதவி வேண்டும்.

சில வேலைகளைக் கடைசியிலிருந்து சொல்லிக்கொடுப்பது நல்லது. பொத்தான் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானைப் பிடித்து, துளையில் பாதி நுழைக்கும் வரை நீங்கள் செய்யுங்கள், அந்தப் பக்கத்திலிருந்து இழுப்பதை மட்டும் அவனுக்கு விடுங்கள். வேலை முடிகிற சந்தோஷம் அவன் கையால் வருகிறது. அது நன்றாக வந்த பிறகு ஒரு படி பின்னால் போய், நுழைப்பதையும் அவனுக்கு விடுங்கள். எல்லாப் படியும் ஓரளவு தெரிந்த பிள்ளைக்கு முழு வேலையையும் தினமும் செய்ய வைத்து, தடுமாறும் இடத்தில் மட்டும் உதவலாம்.

உதவி எத்தனை வகை

இந்த உதவிகளைத்தான் தெரபிஸ்டுகள் ப்ராம்ப்ட் என்கிறார்கள். கனமானது, கையோடு கை சேர்த்துச் செய்ய வைப்பது. அடுத்து மணிக்கட்டையோ முழங்கையையோ லேசாகத் தொட்டு விடுவது. அதைவிட லேசு, நாம் செய்து காட்டுவது. இன்னும் லேசு, விரலால் சுட்டுவது, பொருளை அவன் கைக்கு எட்டும் இடத்தில் நகர்த்தி வைப்பது. வாயால் சொல்வதும் ஒரு உதவிதான், எல்லோரும் அதைத்தான் சாதாரணமாக நினைக்கிறார்கள், ஆனால் என் அனுபவத்தில் எடுப்பதற்கு மிகவும் சிரமமான உதவி அதுதான். "சோப்புப் போடு, தேய், இன்னும் தேய், தண்ணி ஊத்து" என்று ஒவ்வோர் அசைவுக்கும் சொல்லிப் பழக்கினால் பத்து வருடம் கழித்தும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒரு தடவை "கை கழுவு", அதற்குப் பிறகு வாயைத் திறக்காமல் கையால் மட்டும் உதவுங்கள். பிறகு அந்த ஒரு சொல்லும் போக வேண்டும். இலை போட்டதைப் பார்த்ததும் அவனாக எழுந்து குழாயடிக்குப் போவதுதான் நாம் போக வேண்டிய இடம்.

பொருளின் மேலேயே வைக்கிற உதவியும் உண்டு. பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்குக் கோலம் போட ஆசை. புள்ளி வைத்தாலும் கோடு எங்கே வளைகிறது என்று பிடிபடவில்லை. சிமென்ட் தரையில் சாக்பீஸால் முழுக் கோட்டையும் வரைந்து அதன்மேல் மாவை இழுக்க வைத்தோம். நன்றாக வந்ததும் கோட்டை மங்கலாக்கினோம், பிறகு விட்டு விட்டு வரைந்தோம், பிறகு வளைவுகளில் மட்டும் ஒரு கீற்று, கடைசியில் வெறும் புள்ளி. ஒரு தடவைகூட முழுக்கோலம் கெட்டு அழவில்லை. இப்படித் தவறே வராமல் படிப்படியாகக் கற்க வைக்க முடியும் என்று 1963இல் ஹெர்பர்ட் டெரஸ் புறாக்களுக்குச் சிவப்பு பச்சை பிரித்தறியக் கற்றுக்கொடுத்துக் காட்டியிருந்தார். மார்கழியில் அந்தப் பெண்ணின் வாசலைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

எந்த உதவியில் தொடங்குவது? முற்றிலும் புதிய வேலை, அல்லது தவறு செய்தால் உடைந்து அழும் பிள்ளை, அல்லது அடுப்பு, வாய்க்கால், ரோடு மாதிரி தவறே ஆகக் கூடாத இடம் என்றால் கனமான உதவியில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பாதி தெரிந்த வேலை என்றால் முதலில் காத்திருந்து, லேசான உதவியிலிருந்து தேவைக்கேற்பக் கூட்டுங்கள்.

கையைப் பிடித்துச் செய்ய வைப்பதில் ஒரு வரம்பு உண்டு. உங்கள் கையை நீட்டி அவன் தர விடுங்கள். உருவிக்கொண்டால் விட்டுவிடுங்கள். அவன் கைக்கு அடியில் உங்கள் கையை வைத்து, அவன் மேலே ஏறி வரும்படி செய்வதும் உண்டு, கூச்சம் உள்ள பிள்ளைகளுக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், சிறுவயதில் ஏபிஏ என்ற பெயரில் தங்களை அடக்கினார்கள் என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். அந்தக் குறையை நான் முழுக்க எடுத்துக்கொள்கிறேன். யாருக்கும் கெடுதல் இல்லாமல் கையை ஆட்டுவதையும் சுற்றுவதையும் நிறுத்துவது நம் வேலையில்லை, கண்ணைப் பார் என்று முகத்தைத் திருப்புவதும் இல்லை. பிள்ளையின் வாழ்க்கைக்கு உதவும் திறன்களைச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விடும் திட்டத்தை முதல் நாளே எழுதுங்கள்

கான்கிரீட் கொட்டும் அன்றைக்கே சென்டரிங்கை எந்த நாள் பிரிக்க வேண்டும் என்று கொத்தனார் சொல்லிவிடுவார். அவசரப்பட்டுப் பிரித்தால் இறங்கிவிடும், பிரிக்காமலே விட்டால் அடியில் குடியிருக்க முடியாது. உதவியும் அப்படித்தான். கையைப் பிடிக்கும் முன்பே அதை எந்தெந்தப் படியில் எடுக்கப் போகிறீர்கள் என்று நோட்டில் இருக்க வேண்டும்.

அந்தப் பையனுக்குச் சோப்புத் தேய்க்கும் படியில் எங்கள் வரிசை இது: அவன் கைமேல் என் முழுக்கை, அப்புறம் மணிக்கட்டில் இரண்டு விரல், அப்புறம் முழங்கையில் ஒரு தொடுதல், அப்புறம் தொடாமல் என் கை நிழல்போல அவன் கையோடு போவது, அப்புறம் நான் ஒரு அடி பின்னால். மூன்று நாள் தொடர்ந்து சரியாக வந்தால் அடுத்ததற்குப் போவோம், தொடர்ந்து இரண்டு தடவை தடுமாறினால் ஒரு படி பின்னால் வருவோம். இந்த எண்ணிக்கை நான் வைத்துக்கொண்ட கணக்கு, உங்கள் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றலாம், ஆனால் ஏதோ ஒரு கணக்கு எழுத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மனசு கேட்காமல் உதவிக்கொண்டே இருப்போம். உதவும்போது எதிரில் நிற்காமல் பின்னால் நில்லுங்கள். எதிரில் நின்றால் அவன் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்தது செய்வான்.

காத்திருப்பதும் ஒரு முறைதான், இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். முதல் சில தடவை சொன்ன உடனே, இடைவெளியே இல்லாமல் உதவி. அவன் சரியாகப் போக ஆரம்பித்ததும், சொல்லிவிட்டு நான்கைந்து விநாடி பொறுத்து, அப்புறம் உதவி. உதவி வருவதற்கு முன்பே அவன் செய்துவிடும் கணத்துக்காகத்தான் இந்த இடைவெளி. பால் டூஷெட் 1971இல் இப்படி உதவியைத் தள்ளிப்போட்டுத்தான், அது எந்தக் கணத்தில் தேவையில்லாமல் போகிறது என்பதைப் பார்த்து அளந்தார். கேட்கச் சுலபம், செய்துபாருங்கள் தெரியும். அன்று கொல்லையில் பாபநாசத்துப் பையன் தானாகக் குழாயைத் திறக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன். அவன் குழாயைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், கட்டைவிரல் லேசாக அசைகிறது. மூன்றாவது விநாடியில் திண்ணையிலிருந்து சித்தப்பா, "தொறடா" என்று ஒரு குரல். அந்தத் தடவை போய்விட்டது. மறுநாள் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, ஐந்து வரை எண்ணும் வரை யாரும் பேசக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அப்பாயிக்குத்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது, கைகள் தானாகப் போகின்றன என்று இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்.

நமக்கே தெரியாமல் கொடுக்கும் உதவிகளையும் கவனியுங்கள். சரியான படத்தை எப்போதும் வலது பக்கமே வைப்பது, பதில் எதுவோ அதைக் கண்ணால் பார்ப்பது, சரியானதன் பக்கம் கை போகும்போதே சிரித்துவிடுவது. பிள்ளைகள் இதையெல்லாம் அசாத்தியமாகப் பிடித்துக்கொள்வார்கள். போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து ராத்திரி பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

சரியாகச் செய்த உடனே கிடைக்க வேண்டியது கிடைக்கட்டும், அதுவும் உதவியோடு செய்தால் கொஞ்சம், தானாகச் செய்தால் நிறைய. அந்தப் பையனுக்கு முறுக்கோ மிட்டாயோ பெரிதில்லை, துண்டால் தலையை மூடி மூடித் திறப்பது உயிர். உதவியோடு முடித்தால் "நல்லா செஞ்சய்யா", தானாக ஒரு படி செய்தால் துண்டு விளையாட்டு. பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பதை அவனிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக் குழாயில் வந்தது கல்யாண மண்டபத்தில் வராது

ஒரு இடத்தில் கற்றது மற்ற இடத்துக்குத் தானாகப் போய்விடும் என்று நம்பிக் காத்திருந்தால் போதாது என்பதை ட்ரெவர் ஸ்டோக்ஸும் டொனால்ட் பேயரும் 1977இலேயே சுட்டிக்காட்டினார்கள். திருகும் குழாய், தூக்கும் குழாய், வாளியும் மக்கும், பள்ளிக்கூடத்துத் தொட்டி என்று எல்லாவற்றிலும் பழக்குங்கள். அம்மாவோடு ஒரு நாள், அத்தையோடு ஒரு நாள். சோப்பின் நிறத்தைக்கூட மாற்றுங்கள்.

நாலு வாரம் ஆகியும் நோட்டில் எந்த நகர்வும் இல்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லாமல் திட்டத்தை மாற்றுங்கள்: படி பெரிதாக இருக்கலாம், பரிசு பிடிக்காமல் இருக்கலாம், நேரம் தவறாக இருக்கலாம். தன்னையோ மற்றவர்களையோ காயப்படுத்தும் நடத்தை இருந்தால் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு தனியாக முயலாதீர்கள், பயிற்சி பெற்றவரிடம் போங்கள். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் வருகின்றன, அதனால் அடையாள அட்டையையும் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள்.

பாபநாசத்துப் பையன் ஏழாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, இலை போடும் சத்தம் கேட்டு யாரும் சொல்லாமல் கொல்லைக்குப் போனான். நான் அன்று அங்கே இல்லை, அப்பாயி போனில் சொன்னார். சோப்புத் தேய்த்து, கழுவி, ஈரக்கையோடு வந்து உட்கார்ந்துவிட்டானாம், துடைக்கவில்லை, குழாயும் ஓடிக்கொண்டே இருந்ததாம். ஏழாவது படிக்கு இப்போது புது வரிசை எழுதியிருக்கிறோம்: குழாய்த் திருகில் ஒரு சிவப்பு டேப், மணிக்கட்டில் இரண்டு விரல், ஐந்து விநாடி.